போபாலில் அறுத்த காப்பு

கனகலட்சுமி,
பெண்கள் ஹாக்கிப் பயிற்சியாளர்,
அருள்வேல் பல்கலைக்கழகம்,
இராஜபாளையம்.
14.6.2024

அங்காளுக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டால் நீ என்ன பதில் வைத்திருப்பாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

போனில் என்னை பிளாக் பண்ணிவிட்டாய். ஆபீஸ் நம்பரில் இருந்து கூப்பிட்டேன், 'அங்காளு' என்ற ஒரு சொல்லுக்கே வைத்துவிட்டாய். இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் டவுன் பஸ்ஸில் அரை மணி நேரம்தானே, நேரில் வந்தால் என்ன என்று கேட்பாய். அட்மிஷன், ட்ரையல்ஸ் என்று இங்கே மூச்சு விட நேரமில்லை. அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். காலேஜ் திறந்து பத்து நாளாகிறது, உன் மகள் மாரிசெல்வி வரவில்லை. இது அவளுக்கு மூன்றாம் வருஷம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த சீட்டு, கிரவுண்டுக்கு வராவிட்டால் சீட்டை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகஸ்டில் தென்மண்டலப் போட்டிக்கு ட்ரையல்ஸ். நான் இந்த யுனிவர்சிட்டிக்கு வந்து பதினோரு வருஷமாகிறது, பெனால்டி கார்னரில் அவளைப் போல பந்தை இழுத்து அடிக்கிற பிள்ளை ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை. முகஸ்துதிக்குச் சொல்லவில்லை. நீயும் ஸ்டிக் பிடித்தவள், உனக்குத் தெரியும்.

போபாலில் நாம் மூன்றாமிடம் வாங்கினோம். அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் மெடல் வாங்குவது இதுதான் முதல் தடவை. அந்த மெடலை வைத்து நாளைக்கு போலீஸ், ரயில்வே என்று எங்கே வேண்டுமானாலும் அவள் போகலாம். ஒரு மஞ்சள் கயிற்று விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு அவள் வாழ்க்கையைக் கெடுத்துவிடாதே.

உன் வீட்டுக்காரர் சோலைராஜ் அண்ணன் காலில் புண் ஆறவில்லை என்று கேள்விப்பட்டேன். சுகர் இருக்கிறவர், கவனமாகப் பார்த்துக்கொள்.

பிள்ளையைத் திங்கட்கிழமை அனுப்பி வை.

கனகு

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
23.6.2024

கோச் அம்மா அவர்களுக்கு,

கவர் வந்து சேந்துச்சு. மேல யுனிவர்சிட்டி சீல் போட்டிருந்ததுனால தபால்காரர், என்னம்மா மகளுக்கு வேலையான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். வேற என்னத்தச் சொல்ல.

மஞ்சள் கயிறுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க படிச்சவுக, மறந்திருக்கும். நான் ஒருக்கா ஞாபகப்படுத்துதேன்.

எம் மக ஏழு வயசுல மஞ்சக்காமாலை வந்து கண்ணு சொருகிக் கெடந்தப்ப, பொழச்சா நானும் எம் பிள்ளையும் வருசா வருசம் பூக்குழி இறங்குதோம்னு அவ அப்பா மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டாரு. அன்னையில இருந்து ஒரு பங்குனி தப்புனதில்ல. காப்பு கட்டுனா ஒரு நேரச் சோறு, கவுச்சி கெடையாது, கடைச்சாப்பாடு கெடையாது, ஊர் எல்லை தாண்டக் கூடாது. இது இந்த ஊருல பச்சப்பிள்ளைக்கும் தெரியும்.

இந்த வருசம் போபால் போட்டியும் காப்பும் ஒண்ணா வந்துச்சு. எங்க வீட்டுக்காரவுக அனுப்ப மாட்டேன்னாக. நீங்க எங்க வீட்டு அடுப்படியில சம்மணம் போட்டு உக்காந்து என்ன சொன்னீங்க? "கயிறு அவ கையிலயே இருக்கும். ஹோட்டல் ரூம்ல நானே கெட்டில் வச்சு அவளுக்கு மட்டும் கஞ்சி காய்ச்சித் தாரேன். பூக்குழிக்கு முந்துன நாள் கொண்டாந்து விட்டுருதேன்." அப்படித்தான சொன்னீங்க? அந்த வார்த்தைய நம்பி அவிய கிட்ட நான் மல்லுக்கு நின்னேன். எல்லை தாண்டுன குத்தம் எந்தலையில வரட்டும்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

திரும்பி வந்தா கையில காப்பு இல்ல. அவ வாரதுக்கு மூணு நாளைக்கு முன்னாடியே நீங்க அவியளுக்குப் போன் போட்டாச்சு. "அண்ணே, பாப்பா பசி தாங்காம அவளே காப்ப அறுத்துட்டா, வையாதீங்க" அப்படின்னு.

அவளே அறுத்தாளா?

எங்கிட்ட வந்து எம் மக சொல்லிட்டா. யாரு கையப் பிடிச்சா, யாரு கத்திரிக்கோல் வச்சா, எல்லாம் சொல்லிட்டா. அவ அப்பாகிட்டயும் சொன்னா. அவிய நம்பல. எம்புட்டுப் பெரிய படிப்புப் படிச்ச பொம்பள, அது எதுக்குப் பொய் சொல்லும், நீ செஞ்சத மறைக்க வாத்திச்சி மேல பழி போடுதியான்னு கேட்டாக. அதோட பேச்சு நின்னு போச்சு. ரெண்டு பேருக்குமா சேத்து அவிய ஒத்தையில பூக்குழி இறங்குனாக. பதினாலு வருசமா இறங்குனவுக, இந்த வருசம் நடுவுல நின்னுட்டாக. ஏன் நின்னாகன்னு அவியளுக்கே தெரியல. உள்ளங்கால் வெந்து போச்சு.

இப்ப மூணு மாசமா அவ காபி கொண்டு போய் வச்சா அவிய குடிக்க மாட்டாக. தண்ணி மோந்து குடுத்தா, அந்தக் காலை இழுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போய் அவியளே மோந்து குடிப்பாக. ஒரே வீட்டுக்குள்ள அப்பனும் மகளும் இப்படி இருந்தா நடுவுல கெடக்குதவ பாடு என்னன்னு உங்களுக்குத் தெரியாது.

சீட்டும் வேண்டாம், ட்ரையல்ஸும் வேண்டாம். ஒரே ஒரு காரியம் செய்யுங்க. பஸ் ஏறி வாங்க. அவிய முன்னாடி நின்னு, அறுத்தது நான்தான்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான். போன்ல சொல்லாதீங்க. போன்லதான் பொய் சொன்னீங்க.

அங்காளம்மாள்

*

இராஜபாளையம்
10.7.2024

அங்காளு,

'நீங்க' போட்டு எழுதியிருக்கிறாய். நாலு தடவை படித்தேன். ஒவ்வொரு 'நீங்க'வும் முள்ளாகக் குத்தியது. குத்தட்டும் என்றுதானே எழுதினாய்.

நான் சொல்வதையும் கொஞ்சம் கேள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இங்கே சேர்ந்தபோது ஹாக்கி கிரவுண்டு என்று காட்டிய இடத்தில் கருவேலமுள்ளும் சரளைக்கல்லும்தான் இருந்தது. முதல் வருஷம் ஏழு பிள்ளைகள். நாங்கள் எட்டுப் பேரும் விளையாடியது இல்லை, கல் பொறுக்கினோம். பதினொரு பேர் சேராததால் வாலிபால் டீமில் இருந்து நாலு பேரைக் கெஞ்சிக் கூட்டிப்போய் தென்மண்டலம் ஆடினேன். ஒன்பது கோல் வாங்கினோம். ஏழு வருஷம் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ரயிலில் டிக்கெட் உறுதியாகாமல் பிள்ளைகளைக் கக்கூஸ் பக்கத்தில் பேப்பர் விரித்துப் படுக்க வைத்து, ஸ்டிக்கை மடியில் போட்டுக்கொண்டு நான் காவல் உட்கார்ந்து போயிருக்கிறேன். இங்கே எல்லாருக்கும் நான் பி.டி. மேடம். சுதந்திர தினத்துக்கு அணிவகுப்பு நடத்தவும், விளையாட்டு விழாவுக்கு மைக் செட்காரனைக் கூப்பிடவும்தான் என் நினைப்பு வரும்.

டைரக்டர் சௌந்தரபாண்டியன் சார் ஒவ்வொரு மார்ச்சிலும் கேட்பார், "கனகா மேடம், பெண்கள் ஹாக்கியை இந்த வருஷத்தோட முடிச்சுக்கலாமா?" சிரித்துக்கொண்டே கேட்பார். என் காண்ட்ராக்டையும் வருஷா வருஷம்தான் புதுப்பிப்பார்கள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அகில இந்திய மெடல் வந்தால் டீம் இருக்கும், எனக்குத் தலைமைப் பயிற்சியாளர் என்று நிரந்தரப் பதவி போடுவார்கள். வராவிட்டால் கிரவுண்டு கிரிக்கெட்டுக்கு என்றார். பதினெட்டுப் பிள்ளைகளின் சீட்டும் போகும். அதில் செங்கல் சூளைக்காரர் பிள்ளை இருக்கிறது, அப்பா இல்லாத பிள்ளைகள் நாலு இருக்கிறது.

இப்படி ஒரு நிலைமையில் காலிறுதிக்கு முந்தின நாள் மேட்சில் மாரி மயங்கி விழுந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் என் முன்னால் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். உன் மகள் அதில் ஒருத்தி. காப்பு இருக்கிற வரைக்கும் அவள் சாப்பிட மாட்டாள். சாப்பிடாமல் அவளால் ஓட முடியாது. நீ என் இடத்தில் இருந்தால் என்ன பண்ணியிருப்பாய்? பள்ளிக்கூடத்தில் நீதான் கேப்டன், முட்டி கிழிந்தபோதுகூட என்னை வெளியே போக விடவில்லையே.

அன்று என்ன நடந்தது என்று உனக்கும் எனக்கும் தெரியும். அவளுடைய நல்லதுக்குத்தான் நடந்தது. அண்ணனிடம் நீயே பக்குவமாக எடுத்துச் சொல். ஆடி கழியட்டும், நான் நேரிலும் வருகிறேன். அப்போது வைகிற அளவுக்கு வைதுகொள்.

கனகு

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
2.9.2024

கனகலட்சுமி,

வந்தவரைக்கும் சந்தோசம்.

போன மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை காலையில தெருமுனையில கார் நின்னதும் எம் மகதான் மொதல்ல பாத்தா. கோச் வாராகம்மான்னு ஓடி வந்தா. அஞ்சு மாசத்துல அவ மொகத்துல அப்பத்தான் வெளிச்சத்தப் பாத்தேன். நானும் வீட்டக் கூட்டி, அவியளுக்கு வேற சட்டை மாட்டி, சேர் வாங்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடுனேன். ஒன் மேல உள்ள கோவமெல்லாம் அந்தச் செத்த நேரத்துல எங்க போச்சுன்னு தெரியல.

கார்ல இருந்து யாரு இறங்குனா? நீ இறங்குன, டைரக்டர் இறங்குனாரு, போட்டோக்காரன் இறங்குனான், பழத்தட்டு இறங்குச்சு, சால்வை இறங்குச்சு. எம் மகளுக்குச் சால்வை போத்தி, அவ அப்பனப் பக்கத்துல நிக்க வச்சுப் படம் பிடிச்சீக. கட்டுப் போட்ட காலோட அவிய சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னாக. டைரக்டர் எங்க பல்கலைக்கழகத்தோட பெருமைன்னு பேசுனாரு. பக்கத்துல நின்னு நீ தலையத் தலைய ஆட்டுன. எம் மக உன் வாயவே பாத்துக்கிட்டு நின்னா. நான் கலரு சோடா குடுக்குற சாக்குல உன்ன அடுப்படிக்குக் கூப்பிட்டேன். "இன்னொரு நாள் அங்காளு, சார் இருக்காரு" அப்படின்னுட்டுப் போயிட்ட.

இன்னொன்னும் கேட்டுக்க. ஒன் ஜூலை மாசக் கடுதாசிய நான் அவியளுக்கு ரெண்டு தடவை வாசிச்சுக் காட்டுனேன். ரெண்டாந் தடவ அவியளே வாங்கி, கண்ணாடி போட்டுப் படிச்சாக. படிச்சுட்டு, "இதுல எங்கட்டி இருக்கு அந்தம்மா அறுத்துச்சுன்னு?" அப்படின்னு கேட்டாக. நானும் தேடித் தேடிப் பாத்தேன். நாலு பக்கத்துல கல்லு பொறுக்குனது இருக்கு, கக்கூஸ் பக்கத்துல படுத்தது இருக்கு, பதினெட்டுப் பிள்ளைக இருக்கு. அறுத்தது மட்டும் இல்ல. எம்புட்டு சூதானமா எழுதியிருக்க.

நீ கஷ்டப்பட்டு மேல வந்தவதான். நான் இல்லங்கல. ப்ளஸ்டூ முடிச்சு ஸ்டேட் டீமுக்குப் பேரு வந்தப்ப எங்க வீட்டுல எனக்குத் தாலியக் கட்டிட்டாக, நீ போன. நான் பேண்டேஜ் கம்பெனியில துணி மடிக்கேன். அதுக்கு ஒன் மேல ஒரு நாளும் பொறாமப்பட்டதில்ல. நாம போகாத எடத்துக்கு எம் மக போவான்னுதான் ஒங்கையில பிடிச்சுக் குடுத்தேன்.

பிள்ளைக்குச் சால்வை வேண்டாம். அது கொடியில கெடக்கு, வந்து எடுத்துக்க.

அங்காளம்மாள்

*

இராஜபாளையம்
20.10.2024

அங்காளு,

கடிதம் கிடைத்தது. அன்று டைரக்டர் கூட வருவார் என்று காரில் ஏறும்வரை எனக்குத் தெரியாது. நம்பினால் நம்பு.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாமல் படி. என் பதவிக்கு இன்டர்வியூ டிசம்பரில். ஆர்டர் ஜனவரியில் வரும். அதுவரைக்கும் பொறுத்துக்கொள். நான் இப்போது அண்ணனிடம் வந்து சொன்னால் அது உங்கள் வீட்டோடு நிற்காது. உன் கம்பெனியில் பேசுவார்கள், தெருவில் பேசுவார்கள். மாரியம்மன் காப்பை அறுத்த கோச் என்று போஸ்டர் ஒட்ட ஆள் இருக்கிறது. மற்றப் பிள்ளைகளின் அப்பா அம்மாவே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நாற்பத்தி நாலு வயது ஆகிறது எனக்கு. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை. இந்தக் கிரவுண்டைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது சொல்.

மூன்று மாசம். ஆர்டர் கைக்கு வந்த மறுநாள் வருகிறேன். சீட்டை அதுவரை யாருக்கும் கொடுக்காமல் மெடிக்கல் லீவ் என்று போட்டு வைத்திருக்கிறேன். தென்மண்டலத்தில் ரெண்டாவது சுற்றில் தோற்றுவிட்டோம். ஆறு பெனால்டி கார்னர் கிடைத்தது, ஒன்றைக்கூட கோலாக்க ஆள் இல்லை.

கனகு

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
17.11.2024

கனகு,

கோவத்துல எழுதல. கேட்டுத்தான் எழுதுதேன்.

மதுரை ஆஸ்பத்திரியில அவியளுக்குப் பாதத்தை எடுத்துட்டாக. மொதல்ல ரெண்டு விரல எடுத்தாக, பொறவு அழுகல் ஏறிட்டுன்னு கணுக்காலோட. இருபது நாள் அங்கதான் கெடந்தோம். எம் மகதான் எல்லாம் பாத்தா. பீ மூத்திரம் அள்ளுனா, மருந்துக்கு ஓடுனா, டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல பேசுனா. அவிய மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறந்ததும் அவ மொகத்தப் பாத்தாக. பாத்துட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாக.

ராத்திரி பகலா எங்கிட்ட ஒரே பேச்சுதான். அவ காப்ப அறுத்தா, அம்மன் எங்காலை எடுத்துக்கிட்டா. இதையே சொல்லுதாக. பக்கத்துக் கட்டில்காரன், ஏலே பிள்ளைய இப்படிச் சொல்லாதன்னு வஞ்சான். எம் மக வராந்தாவுல நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

ஜனவரி வரைக்கும் பொறுன்னு எழுதியிருந்த. எனக்குப் பொறுக்கும் கனகு. நான் எல்லாத்தையும் பொறுத்தவதான். அந்தப் பிள்ளையால முடியல. ஸ்டிக்கப் பரண்ல தூக்கிப் போட்டுட்டா. ரெண்டு நாளைக்கு ஒருக்கா சாப்பிடுதா. இருபது வயசுப் பிள்ள கண்ணுக்குக் கீழ கருப்பு விழுந்து கெடக்கா. எனக்குப் பயமா இருக்கு.

போஸ்டர் ஒட்ட மாட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அவியளும் சொல்ல மாட்டாக, நான் சத்தியம் வாங்கித் தாரேன். நீ கார்ல வராத, பஸ்ல வா. யாருக்கும் தெரியாம வந்துட்டுப் போ. அஞ்சு நிமிசம். ஒரு வார்த்த.

ஒன் கால்ல விழுந்து கேக்கேன்னு வச்சுக்க.

அங்காளு

*

இராஜபாளையம்
9.1.2025

அங்காளு,

நேத்து ஆர்டர் வந்துருச்சு. தலைமைப் பயிற்சியாளர், நிரந்தரம். எல்லாரும் கை குடுத்தாங்க. கேக் வெட்டுனாங்க. என் துண்ட அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

ஒன் நவம்பர் மாசக் கடிதம் என் மேஜை டிராயர்லயே இருக்கு. தினம் எடுப்பேன், பதில் எழுத உக்காருவேன், மூடி வச்சிருவேன். இன்னைக்கு எழுதிருதேன். யுனிவர்சிட்டித் தமிழ்ல எழுதி எழுதித்தான் இம்புட்டு நாளா ஒளிஞ்சுக்கிட்டேன்.

மாரி காப்ப அறுக்கல. நான்தான் அறுத்தேன். இத நீ அண்ணங்கிட்ட அப்படியே வாசிச்சுக் காட்டு.

அதோட இன்னொண்ணு இருக்கு. அது ஒனக்கும் தெரியாது, மாரிக்கும் முழுசாத் தெரியாது. அவ விரதத்தால மயங்கி விழல. கஞ்சி காய்ச்சித் தாரேன்னு ஒன் அடுப்படியில உக்காந்து சொன்னேன்ல, போபால்ல மொத நாள் மட்டும் காய்ச்சுனேன். ரெண்டாம் நாளு கோல்கீப்பர் பிள்ளைக்கு முட்டி வீங்கிருச்சுன்னு ஒத்தடம் குடுக்கக் கெட்டில அவ ரூமுக்குக் குடுத்து அனுப்புனேன். பொறவு மீட்டிங்கு, ப்ராக்டிஸு, அடுத்த டீமோட வீடியோ பாக்கறதுன்னு ஓடுனதுல கெட்டிலையும் மறந்துட்டேன், ஒம் மகளையும் மறந்துட்டேன். அவ வாயத் தொறந்து கேக்கல. கோச்சுக்கு வேலை இருக்கும்னு நீ குடுத்துவிட்ட அவலத் தண்ணியில நனைச்சுத் தின்னிருக்கா. அதும் ஒரு நாள்ல தீந்துருச்சு. ரெண்டு நாள் வெறும் வயித்தோட ரெண்டு மேட்ச் ஆடியிருக்கா.

விழுந்த பொறவுதான் எனக்கு உரைச்சுது. உரைச்சதும் கோவம் அவ மேல வந்துச்சு. ஏன்னு கேக்காத. தப்பு எம்மேலன்னு தெரிஞ்சதாலதான் அம்புட்டுக் கோவம். ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி முட்டையும் சோறும் வச்சேன். காப்பு இருக்கு மேடம், சாப்பிட மாட்டேன்னா. கஞ்சி மட்டும் வச்சுத் தாங்க மேடம்னு கேட்டா. பத்து நிமிசம் போயிருக்கும் கஞ்சி வைக்க. நான் மெடிக்கல் பாக்ஸ்ல இருந்து கத்திரிக்கோல எடுத்தேன். கையப் பின்னால வச்சுக்கிட்டா. இழுத்துப் பிடிச்சு அறுத்தேன். "இப்பக் காப்பு இல்லல்ல, தின்னு"ன்னு சொன்னேன். அழுதுக்கிட்டே தின்னா. மறுநாள் ரெண்டு கோல் போட்டா.

அண்ணனுக்குப் போன் போட்டப்ப உண்மையச் சொல்லத்தான் எடுத்தேன். அவர் குரலக் கேட்டதும் வாயில வேற வந்துருச்சு.

ஞாயித்துக்கிழமை பன்னெண்டாந்தேதி வாரேன். பஸ்ல வாரேன். ஒத்தையில வாரேன். அண்ணன் என்னய என்ன செஞ்சாலும் சரி. நீ என்னய வீட்டுக்குள்ள விட்டாப் போதும்.

கனகு

*

ஸ்ரீவில்லிபுத்தூர்
11.1.2025

கனகு,

நாளைக்கு நீ வரக் கூடாது. அதனால இத தபால்ல போடல. கம்பெனிக்குப் போற வழியில ஒங்க கேட்டு வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டுப் போறேன். கேட்டுல ஒனக்கு வாழ்த்துத் தட்டி கட்டியிருக்கு. பஸ்ல இருந்து பாத்தேன். போட்டோ நல்லா விழுந்திருக்கு.

எட்டாந்தேதி ஆர்டர் வந்துச்சு, ஒம்பதாந்தேதி உண்மை வந்துச்சு. தேதியத்தான் மொதல்ல பாத்தேன்.

போன சனிக்கிழமை, நாலாந்தேதி, காலையில நான் அவியளுக்குக் காலு கட்டுப் பிரிச்சுக்கிட்டிருந்தேன். எம் மக வந்து முன்னாடி முட்டி போட்டு உக்காந்தா. "அப்பா, காப்ப நான்தாம்ப்பா அறுத்தேன். பசி தாங்கல. கோச் மேல பழி போட்டது பொய்யி. என்னய மன்னிச்சிருங்கப்பா" அப்படின்னா. எனக்குக் கையில இருந்த துணி கீழ விழுந்துருச்சு. நான் வாயத் தொறக்கதுக்குள்ள எம் மொகத்த ஒரு பார்வ பாத்தா. அந்தப் பார்வையில நான் அடங்கிட்டேன்.

 அவிய அவ தலையில கைய வச்சு, "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா தாயி" அப்படின்னு அழுதாக. இருபத்தாறு வருசத்துல அவிய அழுது நான் பாத்ததில்ல. அவளும் அழுதா. இனிமே ஸ்டிக்கத் தொட மாட்டேன்னு அவளாவே அவிய கையில அடிச்சுச் சத்தியம் பண்ணிட்டா. யாரும் கேக்கல, அவளாத்தான் பண்ணுனா. அன்னைக்கு மத்தியானம் அவ கையால சோறு வாங்கித் தின்னாக.

சாயங்காலம் கொல்லையில வச்சு அவளப் பிடிச்சு உலுக்குனேன். ஏட்டி, செய்யாததச் செஞ்சேன்னு சொல்லிட்டியேன்னு கேட்டேன். "பத்து மாசமா உண்மையச் சொன்னேம்மா, அப்பா திரும்பிக்கூடப் பாக்கல. ஒரு பொய் சொன்னேன், தலையத் தடவிக் குடுத்துட்டாரு" அப்படின்னா. 

ஒன் கடுதாசி வந்தப்ப அவ கம்பெனிக்குப் போயிருந்தா. ஆமா, இப்ப எங்கூட பேண்டேஜ் கம்பெனிக்குத்தான் வாரா. ஆறாந்தேதியில இருந்து. நேத்து எனக்கு லீவு. நான் மட்டும் படிச்சேன். கஞ்சி வச்சுத் தாங்கன்னு கேட்டாளே, அந்த எடத்துக்கு மேல ரொம்ப நேரம் படிக்க முடியல. அவ அத எங்கிட்டக்கூடச் சொன்னதில்ல. நீ பட்டினி போட்டன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அறுத்தத மட்டுந்தான் சொன்னா.

இத அவியகிட்ட வாசிக்கச் சொல்லுத. எப்படி வாசிப்பேன்? குத்தமே செய்யாத பிள்ளைய பத்து மாசம் செவுத்தப் பாத்துத் திரும்பித் தண்டிச்சிருக்கோம்னு அந்த மனுசனுக்குத் தெரிஞ்சா, அதுக்கப்புறம் அவிய உசுரோட இருப்பாகளா? காலு போனதத் தாங்கிட்டாக. இதத் தாங்க மாட்டாக. அந்தப் பிள்ள அம்புட்டையும் விட்டுக் குடுத்து வாங்குன ஒரு வேளச் சோறு இது. நீ நாளைக்கு வந்து ஒரு வார்த்த சொன்னா அது தட்டுல மண்ணு விழுந்த மாதிரி ஆயிரும்.

ஜூன் மாசம் சொல்லியிருந்தா எம் மக ஒங்கிட்டயே விளையாடியிருப்பா. ஆகஸ்டுல அடுப்படிக்கு வந்து சொல்லியிருந்தா பொழச்சிருப்பா. நவம்பர்ல சொல்லியிருந்தாக்கூட ஸ்டிக்கு பரண்லதான் கெடந்துச்சு, எடுத்திருக்கலாம். ஒரு வாரம் முந்தியிருந்தாக்கூடப் போதும் கனகு. நீ ஆர்டருக்குக் காத்துக்கெடந்த.

சீட்ட வேற பிள்ளைக்குக் குடுத்துரு. அப்பா இல்லாத பிள்ளைக நாலு இருக்குன்னு எழுதியிருந்தல்ல, அதுல ஒண்ணுக்குக் குடு.

ஒன் கடுதாசிய இதோடயே வச்சிருக்கேன். எங்க வீட்டுல வச்சா அவிய கண்ணாடியப் போட்டுக்கிட்டு எடுத்துப் படிச்சிருவாக. இந்தத் தடவ எல்லாத்தையும் தெளிவா எழுதியிருக்க. நீயே வச்சுக்க.

அங்காளம்மாள்